மினமாற்றாக் குடாவின் சேறு

மலையிலே பிறந்து விரைந்து ஓடிவரும் ஆறு கடலை அணுகும்போது தன் வேகத்தை இழக்கின்றது. வேகம் குன்றிய நீருக்குப் பாரம் சுமக்கும் வலிமை இல்லை. அது கொண்டுவந்த மணலும் வண்டலும் கழிமுகத்திலே அடியிற் படிகின்றன. உவர்நீர் கலந்தவுடன் களியின் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு கனத்து வீழ்கின்றன. ஈயம், செம்பு, நாகம், பாதரசம் முதலிய பாரமான உலோகங்கள் நீரோடு நீராய் அலைவதைக் காட்டிலும் இந்நுண்துகள்களைப் பற்றிக்கொண்டு கீழே செல்வதே பெரும்பான்மை. மரம் உக்கிப்போகும், எண்ணெயும் காலப்போக்கிற் சிதையும், உலோகம் மாத்திரம் சிதைவதில்லை. ஆதலால் தொழிற்பட்டினங்களின் கழிமுகச் சேற்றிலே குழாயை இறக்கி, அடையலை அடுக்கடுக்காக எடுத்து ஆராய்வோர், அவ்வூரில் எக்காலத்தில் எத்தகைய தொழில் நடந்தது என்பதை ஓரளவுக்கு எடுத்துரைக்க வல்லவராகின்றனர்.

சேறு இவ்வாறு கூறிய செய்தி ஒன்றை, கேட்கவேண்டியவர்கள் ஒன்பது ஆண்டுகள் கேளாதிருந்த வரலாறு யப்பானின் மினமாற்றா நகரத்திலே நிகழ்ந்தது.

மினமாற்றா, கியூசு தீவின் மேற்குக் கரையிலே, குமமோற்றோ மாகாணத்தின் தென்கோடியில் உள்ள சிறு நகரம். அதே பெயருடைய ஆறு நகரத்தின் ஊடாகச் சென்று சிரனூயிக் கடலிலே கலக்கின்றது. தீவுகளால் சூழப்பட்டு ஏரிபோல் அமைதியாகக் கிடக்கும் அக்கடலின் பெயருக்கு "அறியப்படாத நெருப்பு" என்பது பொருள். இரவிலே அந்நீர்ப்பரப்பில் தோன்றும் விளக்குப் போன்ற ஒளியைக் கண்ட முன்னோர் இட்ட பெயர் அது. ஆற்றுமுகத்துக்குத் தெற்கே மினமாற்றாக் குடா அமைந்துள்ளது. அதன் வாயிலிலே கொய்சி என்னும் சிறு தீவு காவல்போல் நிற்கின்றது. அலைக்கு ஒதுங்கிய இடமாதலால் மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்கு அது உகந்தது. கரையோரக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அக்குடாவை நம்பியே வாழ்ந்தன. ஆனால் அலை புகாத இடத்திலே வந்து விழுந்த பொருள் வெளியேறிச் செல்வதும் அரிது. குடாவுக்கு வாழ்வு தந்த அமைதியே பின்னர் அதற்கு வினையாயிற்று.

நோகுச்சி என்னும் பொறியியலாளர் 1906 ஆம் ஆண்டில் அயல் மலைநாட்டில் நீர்வீழ்ச்சியினால் மின்சாரம் உற்பத்தி செய்யும் நிலையம் ஒன்றை நிறுவினார். மிகுந்த மின்சாரத்தைப் பயன்படுத்துவதற்காக 1908 இல் மினமாற்றாவிலே காபைட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். காபைட்டிலிருந்து பசளை செய்யப்பட்டது. கம்பனியின் பெயர் காலத்துக்குக் காலம் மாறியபோதும் "சிஸ்ஸோ" என்னும் சொல் அதிலே நிலைத்துநின்றது. யப்பானிய மொழியில் அது நைதரசனைக் குறிக்கும். ஊரவர்க்கோ தொழிற்சாலை என்றால் சிஸ்ஸோ, சிஸ்ஸோ என்றால் ஊர் என்னும் நிலை உண்டாயிற்று. வேலை, கடைத்தெரு வியாபாரம், நகரசபையின் வரி வருமானம் யாவும் அதனைச் சார்ந்தன. தொழிற்சாலையைக் குறைகூறுவது சோறிட்ட கையைக் கடிப்பதாகக் கருதப்பட்டது. இதனை மனத்திற் கொள்ளாமல் பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்வது இயலாது.

1932 ஆம் ஆண்டு அத்தொழிற்சாலை அசற்றல்டிகைட்டு என்னும் இரசாயனப் பொருளை உற்பத்தி செய்யத் தொடங்கியது. வினாகிரியின் சாரமாகிய அசற்றிக்கமிலம் முதல், நெகிழி வகைகளை மென்மையாக்கும் பொருள்கள் வரை பலவற்றுக்கு அது மூலப்பொருள். அசற்றிலீன் வாயுவை நீரோடு இணைத்து அதனைப் பெறுவதற்குப் பாதரசச் சல்பேற்று ஊக்கியாகப் பயன்பட்டது. ஊக்கி தான் தேயாமல் வேலை செய்யவேண்டியது என்பது ஏட்டிலே உள்ள விதி. ஆலையிலே நடந்தது வேறு. பாதரசத்தின் ஒரு பகுதி கழிவுநீரோடு வெளியேறியது. அதன் சிறு பங்கு மெதைல் பாதரசம் என்னும் சேதனச் சேர்வையாகவும் மாறியிருந்தது. கழிவுநீர் யாவும் ஹியாக்கென் என்னும் கால்வாய் வழியே குடாவில் விழுந்தது. மீன்வளம் குன்றியதென மீனவர் முறையிட்டபோது கம்பனி 1926 இலும் 1943 இலும் சிறு தொகைகளைக் கொடுத்து வாய்மூடச் செய்தது. போருக்குப் பின்னர் உற்பத்தி பன்மடங்கு பெருகியது. 1951 இல் ஏறத்தாழ 6,000 தொன்னாக இருந்த அசற்றல்டிகைட்டு, 1960 இல் 45,000 தொன்னாயிற்று. 1951 இல் ஊக்கியோடு சேர்க்கும் துணைப்பொருளையும் மாற்றினார்கள். அம்மாற்றத்தினாற் சேதனப் பாதரசக் கழிவு முன்னையினும் மிகுந்தது.

முதலிலே கடல் மாறியது. மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. காகங்கள் பறக்கும்போதே தடுமாறி வீழ்ந்தன. மீன் தின்று வாழ்ந்த பூனைகள் வெறிகொண்டாற்போல் சுழன்று, துள்ளி, சில வேளைகளிற் கடலிலும் பாய்ந்து மாண்டன. ஊரவர் அதனைப் "பூனை ஆட்டம்" என்றனர். சில குப்பங்களிலே பூனை அற்றுப்போய் எலி பெருகியது.

1956 ஏப்பிரில் 21 ஆம் திகதி, நடக்கவும் பேசவும் இயலாத ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி தொழிற்சாலையின் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டாள். இரண்டு நாட்களில் அவளுடைய தங்கைக்கும் அதே நோய் கண்டது. வைத்தியசாலைத் தலைவர் ஹொசொகாவா ஹாசிமே, காரணம் அறியப்படாத மூளை நரம்பு நோய் ஒன்று பரவுகின்றதென மே மாதம் முதலாந் திகதி சுகாதாரப் பகுதியினர்க்கு அறிவித்தார். அந்நாளே மினமாற்றா நோய் வெளிப்பட்ட நாளெனக் கொள்ளப்படுகின்றது. கைகால் மரத்தல், பார்வை ஒடுங்குதல், செவி மந்தமாதல், நடை தள்ளாடுதல், ஈற்றிலே வலிப்பும் மரணமும் அந்நோயின் குறிகள். ஒக்டோபர் மாதத்துக்குள் 40 நோயாளர் கண்டறியப்பட்டனர். அவர்களில் 14 பேர் இறந்தனர். தொற்றுநோய் என அஞ்சி அவர்களது வீடுகளுக்கு மருந்து தெளிக்கப்பட்டது. நோயுற்ற குடும்பத்தை அயலவர் ஒதுக்கினர். நோயிலும் பார்க்க இவ்வொதுக்கலே கொடிது என்று எண்ணிய குடும்பங்கள், வீட்டில் நோய் உண்டு என்பதையே மறைத்தன. பிற்காலத்தில் நோயாளரின் தொகையைக் கணக்கிடுவது அரிதானமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

குமமோற்றோப் பல்கலைக்கழகத்து அறிஞர்கள் அவ்வாண்டு முடியுமுன்னரே, இது தொற்றுநோய் அன்று, குடாவின் மீனை உண்டதனால் வந்த உலோக நஞ்சு என்று ஊகித்துவிட்டனர். ஆயினும் எந்த உலோகம்? ஆலையின் கழிவிலே மங்கனீசு, தாலியம், செலீனியம் எனப் பலவும் இருந்தன. கம்பனி தான் எவற்றைப் பயன்படுத்துகின்றது என்பதைச் சொல்லவில்லை. ஆராய்ச்சியாளர் ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்துத் தள்ளவேண்டியதாயிற்று. 1957 இல் அக்குடாவின் மீனை விற்பதைச் சட்டப்படி தடைசெய்யலாமா என மாகாண அரசாங்கம் மத்திய சுகாதார அமைச்சை வினவியது. குடாவிலுள்ள மீன் எல்லாமே நஞ்சுடையது என்பதற்குத் தெளிவான சான்று இல்லையாதலாற் சட்டம் பொருந்தாது என்று மறுமொழி வந்தது. சந்தையிலே பழுதான மீன் இருந்தால் முழுக்கூடையையும் ஒதுக்கும் வழமை எந்த நாட்டுக் குடும்பத் தலைவிக்கும் தெரியும். அமைச்சின் நியாயம் அதற்கு நேர்மாறாக இருந்தது.

1958 இல் ஆங்கில நரம்பு வைத்தியர் மக்கல்பைன் மினமாற்றாவுக்கு வந்து நோயாளரைப் பார்த்து, இக்குறிகள் சேதனப் பாதரச நஞ்சை ஒத்துள்ளன என எழுதினார். இங்கிலாந்தில் விதைகளுக்குப் பூசும் மருந்து செய்யும் ஆலையில் நஞ்சுண்ட தொழிலாளரைப்பற்றி 1940 இல் வெளியான அறிக்கையே இதற்கு ஒப்புமை தந்தது. பிணப் பரிசோதனை செய்த பேராசிரியர் தக்கெயூச்சியும் அதே அறிக்கையின் வழியே அம்முடிவை நெருங்கினார்.

இந்நிலையில்தான் சேறு சாட்சி சொல்லியது. 1959 பெப்ரவரியில் பல்கலைக்கழகத்தினர் குடாவின் அடித்தளச் சேற்றைப் பல இடங்களில் அள்ளிச் சோதித்தனர். ஹியாக்கென் கால்வாயின் வாயிலிலே ஒரு தொன் சேற்றுக்கு ஏறத்தாழ 2 கிலோகிராம் பாதரசம் இருந்தது. மண்ணிலிருந்து பாதரசத்தை அகழ்ந்தெடுக்கும் சுரங்கங்களுக்கும் இது இழப்பின்றித் தொழில் நடத்தப் போதுமான செறிவு. கால்வாயிலிருந்து விலகிக் கடலை நோக்கிச் செல்லச்செல்ல அளவு படிப்படியாகக் குறைந்தது. படத்திலே இலக்கங்களைக் குறித்து நோக்கினால், அவை யாவும் ஒரே வாயிலையே சுட்டிநின்றன. மக்களின் தலைமயிரும் சோதிக்கப்பட்டது. வெளியூர் மக்களின் மயிரிலே சராசரி பத்து இலட்சத்தில் 4 பங்காக இருந்த பாதரசம், நோய்க்குறி தோன்றாத மினமாற்றாவாசிகளிடமும் 191 வரை காணப்பட்டது. நோயாளர் ஒருவரிடம் 705 ஆக இருந்தது.

இன்னொரு சான்றும் கிடைத்தது. அதனைத் தந்தது கம்பனியேயாகும். 1958 செப்ரெம்பரில், குடாவைப்பற்றிய ஐயம் மிகுந்தபோது, சிஸ்ஸோ தன் கழிவைத் துப்புரவு செய்ய முற்படவில்லை, கால்வாயை மாற்றியது. அசற்றல்டிகைட்டுக் கழிவு குடாவை விட்டு மினமாற்றா ஆற்றின் கழிமுகத்திலே சேர்க்கப்பட்டது. அங்கே நீரோட்டம் மிகுதி; நஞ்சு விரிந்த கடலிலே கலந்து இளகிவிடும் என்று எண்ணினர் போலும். சில மாதங்களுள், 1959 மார்ச்சு முதலாக, அதுவரை நோய் அறியாத ஆற்றுமுகக் குடியிருப்புகளிலும் வடக்கேயுள்ள கரையூர்களிலும் புதிய நோயாளர் தோன்றினர். எலிமீதும் முயல்மீதும் செய்யவேண்டிய பரிசோதனை ஊரின்மீது செய்யப்பட்டது. விடையும் ஐயத்துக்கு இடமின்றி வந்தது. அரசாங்கம் தலையிட்டு, 1959 இன் இறுதியிலே கழிவை மீண்டும் ஹியாக்கெனுக்கே திருப்பச் செய்தது. கழிவை நிறுத்தும்படி மாத்திரம் எவரும் ஆணையிடவில்லை.

1959 யூலையிற் பல்கலைக்கழகத்தினர் சேதனப் பாதரசமே காரணமென வெளியிட்டனர். ஆலையிலே பயன்படுவது அசேதனப் பாதரசமன்றோ, அது எவ்வாறு சேதனமாகும் என்று கம்பனி வினவியது. போர் முடிவிலே குடாவிற் கொட்டிய வெடிமருந்தே காரணம் என்று இரசாயனக் கைத்தொழிற் சங்கத்தார் கூறினர். அழுகிய மீனிலுள்ள அமீனே காரணம் என்று ஒரு பேராசிரியர் கூறினார். இவ்வாறு கொள்கைகள் பலவாகப் பெருகியதும், அறிஞரே உடன்படாத விடயத்தில் அரசாங்கம் என்ன செய்யும் என்ற சாட்டு எளிதிற் கிடைத்தது.

வைத்தியர் ஹொசொகாவா இதற்கிடையில் ஆலைக் கழிவையே நேராகப் பூனைகளுக்கு உணவிற் கலந்து கொடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். 400 என இலக்கமிட்ட பூனை 1959 ஒக்டோபர் 7 ஆம் திகதி அதே வலிப்போடு ஆடிச் சுழன்றது. மேலிடம் அப்பரிசோதனையை நிறுத்தச் செய்தது, முடிவு மறைக்கப்பட்டது. ஹொசொகாவா பதினோராண்டுகள் பொறுத்திருந்தார். 1970 யூலையிலே, புற்றுநோயுற்று வைத்தியசாலைக் கட்டிலிற் கிடந்தபடி, நீதிமன்றத்துக்கு அவ்வுண்மையைச் சாட்சியமாகக் கூறினார். அவ்வாண்டு ஒக்டோபரிற் காலமானார். நோயை முதலில் அறிவித்த பெருமையும், அறிந்த உண்மையை நெடுங்காலம் அடக்கிவைத்த பாரமும் ஒருங்கே அவர்மீது சேர்ந்தன.

1959 நவெம்பர் 12 ஆம் திகதி சுகாதார அமைச்சின் ஆலோசனைச் சபை, சேதனப் பாதரசச் சேர்வையே நோய்க்குக் காரணமென அறிக்கை செய்தது. அது எங்கிருந்து வந்ததென்பதை அச்சபை கூறவில்லை. அடுத்த நாளே அதனை ஆராய்ந்த குழு கலைக்கப்பட்டது. டிசெம்பரிலே கழிவுநீர்த் துப்புரவு இயந்திரம் ஒன்று விழாவோடு திறக்கப்பட்டது. கம்பனித் தலைவர் அதிலிருந்து வந்ததாகக் காட்டிய நீரைப் பலர் முன்னிலையிற் பருகினார். அவ்வியந்திரம் பாதரசத்தை நீக்குவதற்காக அமைக்கப்பட்டதன்று. அம்மாத இறுதியில் நோயாளர்க்கு "அனுதாபப் பணம்" வழங்கும் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. இறந்தவர்க்கு 300,000 யென். ஆலையே நோய்க்குக் காரணமெனப் பின்னர் தெரியவரினும் மேலதிக நட்டஈடு கோருவதில்லை என்ற வாசகமும் அதில் இருந்தது. வறுமையும் நோயும் ஒருங்கே வாட்டிய மக்கள் ஒப்பமிட்டனர். மினமாற்றா விடயம் முடிந்ததென நாடு எண்ணியது.

முடியவில்லை. 1963 பெப்ரவரியில், ஆலையின் அசற்றல்டிகைட்டுப் பகுதியிலிருந்து பெற்ற கசண்டிலேயே மெதைல் பாதரசம் இருந்ததென்பதைப் பேராசிரியர் இருக்கையாமாவின் ஆய்வு காட்டியது. அசேதனம் எவ்வாறு சேதனமாகும் என்ற வினாவுக்கு விடை ஆலைக்குள்ளேயே கிடந்தது. அப்பொழுதும் உற்பத்தி நிற்கவில்லை. 1965 இலே வடக்கே நீகாற்றா மாகாணத்தில், அகனோ ஆற்றங்கரையில், வேறொரு கம்பனியின் அசற்றல்டிகைட்டு ஆலைக்குக் கீழே அதே நோய் தோன்றியது. 1968 மே மாதம் சிஸ்ஸோ அவ்வுற்பத்தியை நிறுத்தியது. தொழில்முறை பழையதாகிவிட்டது என்பதே காரணம். செப்ரெம்பர் 26 ஆம் திகதி, நோய்க்குக் காரணம் அவ்வாலையே என்று அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. நிறுத்துவதால் நட்டம் ஏற்படாத நாள் வந்த பின்னரே உண்மை ஒப்புக்கொள்ளப்பட்டது.

சேற்றைப்போலவே கணக்கு வைத்திருந்த மற்றொரு பொருளையும் வைத்தியர் ஹரடா மசசூமி கண்டார். தாயின் வயிற்றிலேயே நஞ்சுண்டு பிறந்த குழந்தைகளை ஆராய்ந்தவர் அவர். பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியை உலர்த்திச் சிறு மரப்பேழையில் இட்டுப் பேணுவது யப்பானியத் தாய்மாரின் வழமை. ஹரடா வீடுவீடாகச் சென்று அப்பேழைகளைத் திறக்கும்படி வேண்டினார். பிறந்த ஆண்டின் ஒழுங்கில் அவற்றை வைத்துச் சோதித்தபோது, ஆலையின் உற்பத்தி ஏறிய ஆண்டுகளில் மெதைல் பாதரசமும் ஏறி, உற்பத்தி இறங்கிய ஆண்டுகளில் இறங்கியிருந்தது. அன்பின் அடையாளமாகப் பேணிய பொருள் நீதிக்குச் சான்றாயிற்று.

1973 மார்ச்சு 20 ஆம் திகதி குமமோற்றோ நீதிமன்றம் கம்பனி குற்றவாளி எனத் தீர்ப்பளித்து, 1959 ஆம் ஆண்டின் அனுதாப உடன்படிக்கை நல்லொழுக்கத்துக்கு மாறானது, செல்லாது என்று கூறியது. 1959 இன் முடிவிலிருந்தே கழிவைத் தடுக்கும் கடமை அரசாங்கத்துக்கும் மாகாணத்துக்கும் இருந்ததென உயர்நீதிமன்றம் உறுதிசெய்வதற்கு 2004 ஒக்டோபர் வரை செல்லவேண்டியதாயிற்று.

மனிதரின் வழக்கு இவ்வாறு நடக்க, சேறு இருந்த இடத்திலேயே இருந்தது. கழிவு நின்றவுடன் குடா தூய்மையாகிவிடும் என்று நம்ப இயலாது. ஆலைக்கு வெளியிலும் பாதரசம் வடிவம் மாறும் என்பதை 1969 இல் சுவீடன் நாட்டு அறிஞர் இருவர் காட்டினர்; காற்றில்லாச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அசேதனப் பாதரசத்தை மெதைல் பாதரசமாக மாற்றுகின்றன. சேற்றிலிருந்து புழுவுக்கும் சிப்பிக்கும், அவற்றிலிருந்து சிறுமீனுக்கும், சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும் செல்லுந்தோறும் அது செறிந்துகொண்டே போகும். ஆகவே 1974 இலே குடாவின் வாயிலைக் குறுக்கே வலையிட்டு அடைத்தனர். உள்ளே அகப்பட்ட மீன்கள் பிடித்து அழிக்கப்பட்டன. கப்பல் செல்வதற்கு வழி விடவேண்டியிருந்தமையால் வலை முழுமையாக மூடவில்லை என்பதையும் கூறவேண்டும்.

சேற்றை அகற்றும் வேலை 1977 இல் ஆரம்பித்தது. அடியைக் கிளறினால் உறங்கும் நஞ்சு எழும்பிவிடுமே என அஞ்சிய மக்கள் வழக்குத் தொடுத்தமையால் வேலை இரண்டரை ஆண்டுகள் நின்று, 1980 இலே மீண்டும் தொடங்கியது. அவர்களது அச்சம் அறியாமையன்று. இருபது ஆண்டுகளாக "ஆபத்தில்லை" என்ற சொல்லைக் கேட்டவர்கள் அவர்கள். பொறியியலாளரும் அந்த அச்சத்தை மதித்தே வேலையைத் திட்டமிட்டனர். வெட்டும் அலகுகள் இன்றி, சேற்றை மெல்ல உறிஞ்சும் படகுகள் பயன்படுத்தப்பட்டன. பத்து இலட்சத்தில் 25 பங்குக்கு மேல் பாதரசம் உள்ள சேறு மாத்திரம் எடுக்கப்படவேண்டுமென விதிக்கப்பட்டது. மிகக் கொடிய பகுதியாகிய குடாவின் உட்பாகம் வட்டவடிவ உருக்குச் சுவர்களால் மறிக்கப்பட்டது. அயற்பகுதியில் உறிஞ்சிய சேறும் அதனுள்ளே நிரப்பப்பட்டு, துணி விரிக்கப்பட்டு, எரிமலை மண்ணும் மலைமண்ணும் கொட்டி மூடப்பட்டது. 1990 இல் வேலை நிறைவெய்தியபோது ஏறத்தாழ 15 இலட்சம் கன மீற்றர் சேறு ஒழுங்குசெய்யப்பட்டிருந்தது. 58 ஹெக்டேயர் புதுநிலம் உண்டாயிற்று. செலவு ஏறத்தாழ 4,850 கோடி யென். முப்பத்தாறு ஆண்டுகள் ஒரு கால்வாய் வழியே செலவின்றி ஓடவிட்டதை அடக்குவதற்குப் பதினான்கு ஆண்டுகளும் இப்பெருந்தொகையும் வேண்டியிருந்தன.

மீனிலே பாதரசம் விதித்த அளவுக்குக் குறைந்துவிட்டதென 1997 யூலை 29 ஆம் திகதி மாகாண ஆளுநர் அறிவித்தார். வலை அகற்றப்பட்டது. மீனவர் மீண்டும் குடாவிலே தொழில் செய்கின்றனர். பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கை 2013 இல் குமமோற்றோவிலே நிறைவேறியபோது அதற்கு மினமாற்றாவின் பெயரே இடப்பட்டது. நோயாளர் என அங்கீகாரம் பெற்றவர்கள் அப்பகுதியில் 2,200 பேருக்கு மேற்பட்டோர். அங்கீகாரம் பெறாது, வேறு ஏற்பாடுகளின்கீழ் உதவி பெற்றோரும் கோரியோரும் பல பதினாயிரவர். அவர்களுட் சிலரது வழக்குகள் இன்னும் நடைபெறுகின்றன.

புதுநிலம் இப்பொழுது பூங்காவாக உள்ளது. விதித்த அளவுக்குக் குறைந்த பாதரசமுடைய சேறு வெளியே குடாவின் அடியில் விடப்பட்டது. கொடிய சேறு பூங்காவின் கீழே கிடக்கின்றது. அதற்கும் கடலுக்கும் நடுவே நிற்பது உருக்குச் சுவர். கடல்நீர் உருக்கை அரிப்பது யாவரும் அறிந்ததாதலால் மாகாண அரசாங்கம் சுவரைக் காலந்தோறும் சோதித்துவருகின்றது. வலைக்குள்ளே பிடிபட்ட மீன்களும் பீப்பாய்களில் அடைக்கப்பட்டு அந்நிலத்திலேயே புதைக்கப்பட்டன. ஆண்டுதோறும் மே மாதம் முதலாந் திகதி அங்கே மக்கள் கூடி இறந்தோரை நினைவுகூருகின்றனர். நோயாளரும் அவர்தம் உறவினரும் தம் கையாற் செதுக்கிய சிறு கற்சிலைகள் கடலோரமாகப் புற்றரையிலே நிற்கின்றன.